வேன் கதையில் நான் சொல்லாமல் விட்டது

பெங்களூரில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கும் என் மகனுக்கு, புத்தூரில் செத்த மோட்டார்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் உன் நைனா எழுதுவது. இங்கே மழை இல்லை, மாங்காய் உண்டு. உன் அம்மாவுக்கு முட்டிவலி. எனக்கு வாய்வலி. பல்லில் அல்ல, முந்தாநாள் போனில் உனக்குச் சொன்ன ஒரே ஒரு வார்த்தையால் வந்த வலி. உலகத்தில் எந்த டாக்டரிடமும் இதற்கு மாத்திரை கிடையாது. ஆகவே காகிதம் எடுத்திருக்கிறேன். ஆரம்பிப்பதற்குள் நாலு தடவை எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இதை நம்ம சொந்தக்காரர்கள் குரூப்பிலும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போடப்போகிறேன். அவர்களுக்கும் தலையும் வாலும் தெரிய வேண்டும். உன் மகள் பாப்பாவுக்கு நாலரை வயது. பெங்களூருக்கு அந்தக் கோடியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். நீச்சல் குளம், குதிரை, பியானோ எல்லாம் இருக்கிறதாம். நீ சொன்ன பட்டியலைக் கேட்டபோது விஜயநகர அரண்மனையில்கூட இவ்வளவு இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். காலை ஆறு இருபதுக்கு வேன். போக ஒன்றேகால் மணி, மழை பெய்தால் இரண்டு. திரும்பி வர மாலை ஐந்து. மருமகள் சுமதி வேண்டாம் என்கிறாள். இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சரம்மா நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம் போதும், மூன்றாவது நான்காவது வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். திங்கட்கிழமைக்குள் பெரிய பள்ளிக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் எனக்குப் போன் போட்டாய்.

"நான் போகலயா நைனா? புத்தூர்லேர்ந்து திருப்பதிக்குப் பத்து வருஷம் வேன்ல போனேனே, எனக்கு இன்னா ஆயிப்போச்சு?" என்று கேட்டாய்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாண்டா! சிங்கத்துக்குப் பொறந்தது சிங்கக்குட்டி. சேத்துடு!" என்றேன்.

நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "கேட்டியா, நைனாவே சொல்லிட்டாரு" என்று நீ சுமதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் ஒரு பாத்திரத்தை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்தேன். அன்றிலிருந்து நான் நானாக இல்லை. வைண்டிங் கட்டிக்கொண்டிருந்த மோட்டாரில் செம்புக் கம்பியின் சுற்று எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து இரண்டு முறை பிரித்துக் கட்டினேன். எண்ணிக்கை தப்பாதவன் என்று பிச்சாட்டூர் வரைக்கும் பேர் வாங்கியவன் நான்.

உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன்ல மகாராஜா மாதிரி ஆமான்னுட்ட, இப்ப இன்னாத்துக்குக் கூண்டுப்புலி மாதிரி நடந்துக்கினு கீற?" என்றாள்.

"காத்து வாங்கறேன்" என்றேன்.

"வாங்கு, வாங்கு. நீ வாங்காத காத்து இந்த ஊர்ல ஏது?" என்றாள்.

மகனே, நீ சாட்சிக்குக் கூப்பிட்டது உன்னுடைய பிள்ளைப் பருவத்தை அல்ல. அதைப் பற்றி நான் கட்டிய கதையைத்தான். அந்தக் கதையை எத்தனை கல்யாணப் பந்தலில் சொல்லியிருப்பேன்! நகரியில் உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் சொன்னபோது மேளக்காரர்கள் நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அஞ்சு வயதுப் பிள்ளை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே நாலு இட்லி தின்பான். வேனில் குதிரை மாதிரி நின்றுகொண்டே தூங்குவான். ஒட்டகம் மாதிரி நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டான். புத்தூரில் முதல் ஸ்டாப் அவனுக்குத்தான், டிரைவரே வந்து சலாம் போட்டு ஏற்றுவான். பந்தலே உருண்டு சிரிக்கும். நீயும் சிரிப்பாய். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, நடந்ததே அதுதான் என்று உனக்கே ஆகிவிட்டது. அஞ்சு வயதில் உனக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கும்? நான் ஊற்றியதுதான் நின்றிருக்கும். ஒரு விஷயம் மட்டும் எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவே இல்லை. நான் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் உன் அம்மா எழுந்து பந்தி பார்க்கப் போய்விடுவாள். பொறுப்பான பெண்பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதுவதில் மிகை இல்லை. எனக்கு அது கஷ்டம்தான், மீன் தரையில் நடப்பது மாதிரி. இருந்தாலும் நடக்கிறேன்.

டெல்லியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் பேசிய காலம் அது. அந்தக் காற்று புத்தூர் வந்து சேர இரண்டு வருஷம் ஆனது. மொட்டை மாடிகளில் குடை குடையாக டிஷ் முளைத்தது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனான். அவன் அப்பன் டீக்கடையில் காலை நீட்டி உட்கார ஆரம்பித்தான். எனக்கு அந்தக் காலைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. நம் தெருவில் தெலுங்கு மீடியம் பள்ளிக்கூடம் இருந்தது. நீ வீட்டில் தமிழ் பேசுகிறவன், தெருவில் தெலுங்கு பேசுகிறவன், அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பாய். ஆனால் திருப்பதியில் இங்கிலீஷ் மீடியம் இருந்தது. டை கட்டின பிள்ளைகள் இருந்தார்கள்.

உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். "கை கால் ஒடைஞ்சா ஊர் ஊரா கட்டுப் போடப் புத்தூருக்கு வரான். நீ நல்லா கீற புள்ளைய இங்கேர்ந்து கொண்டுபோய்த் திருப்பதில உடறேன்றியே. எவ்ளோ தூரம், யோசன கீதா?"

அதற்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்துக்கே மூலம். புரட்டாசி மாதம். நம் வாசல் வழியாக மெட்ராஸ் பக்கத்திலிருந்து மஞ்சத்துணி கட்டிக்கொண்டு கோவிந்தா போட்டபடி ஜனங்கள் திருப்பதிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் தோள்மேல் குழந்தையை வைத்துக்கொண்டு போனான். நான் கையை நீட்டினேன். "அதோ பாரு! நூத்துச் சொச்சம் கிலோமீட்டர் நடந்து வரான், செருப்புகூட இல்ல. எம்புள்ள மெத்த மேல உக்காந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போக மாட்டானா? திருப்பதி ஒரு தூரமா? கூப்பிட்டா கேக்கற தூரம்!" தெருவே தலையாட்டியது. நம் பக்கத்துக்காரர்களுக்கு உள்ள நோய் இது. திருப்பதியை நாங்கள் கிலோமீட்டரில் அளப்பதில்லை, வேண்டுதலில் அளப்போம். நடந்து போகிறவன் வருஷத்துக்கு ஒருமுறை போகிறான், வழியெல்லாம் அவனுக்கு மோர் ஊற்றுகிறார்கள், வலித்தால் மரத்தடியில் படுத்துவிடுவான். நீ தினமும் போகப்போகிறாய், உன்னை யாரும் கேட்கவில்லை என்கிற வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

வேன் டிரைவர் முனிசாமி நம் தெருவுக்குப் பின்னால்தான் குடியிருந்தான். அவனிடம் போய், "மொதல் ஸ்டாப் என் வீடுதான்" என்று சொல்லிவிட்டேன். "மொதல்லயா? எந்துக்கண்ணா? கடசீல ஏத்திக்கறனே" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியா? மோட்டார் மெக்கானிக் மகன் என்றால் கடைசியா? "மொதல்தான். சீட்டுப் புடிச்சு ராஜா மாதிரி உக்காந்து போவணும்" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரே, மீ இஷ்டம்" என்றான்.

அன்றிலிருந்து உனக்கு அஞ்சு மணிக்கு எழுப்புதல். ஆறு மணிக்கு வேன். மாலையில் வந்ததும் உன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பேன். ததும்பத் ததும்ப இருக்கும். "பாருடி, என் புள்ள ஒட்டகம்! ஊரெல்லாம் தண்ணிப் பஞ்சம், இவன் ஒரு சொட்டு வீணாக்கல!" என்று உன்னைத் தூக்கிச் சுற்றுவேன். நீ சந்தோஷமாகச் சிரிப்பாய். மறுநாளும் முழு பாட்டிலோடு வருவாய்.

ஒண்ணாவது படிக்கும்போது உனக்கு ஜுரம் வந்தது. குளிரில் கட்டில் ஆடுகிற மாதிரி ஜுரம். மூன்று நாள் இறங்கவில்லை. திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்டாள், தமிழும் தெலுங்குமாக. "பாபு, ஒன்னுக்கு எப்பப் போவே?"

"ஊட்டுக்கு வந்துதான்" என்றாய்.

"ஸ்கூல்ல?"

"பெல்லடிச்சா எல்லாரும் ஓடுவாங்க. பெரிய பசங்க தள்ளுவாங்க."

"வேன்ல வரும்போது வந்தா?"

"வராது. நான் தண்ணியே குடிக்க மாட்டேனே" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் மெச்சிக்கொள்வேன் என்று எதிர்பார்க்கிற முகத்தோடு, "நைனாவே சொல்லும், நான் ஒட்டகம்னு" என்றாய்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். மகனே, நானூற்று நாற்பது வோல்ட்டில் கை வைத்திருக்கிறேன். அது இவ்வளவு அடிக்கவில்லை. மூத்திரப்பையில் சீழ் பிடித்திருந்தது. இரண்டு வாரம் ஊசி. ஊசி போடும்போதெல்லாம் நீ உன் அம்மாவின் விரலைக் கடித்தாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது கேட்டுப் பார், வெங்காயம் அரியும்போது பட்டது என்பாள்.

நீ தேறியதும் முதல் நாள் நானும் உன்னோடு வேனில் ஏறினேன். முனிசாமி, "ஏமண்ணா, உனக்கும் அட்மிஷனா?" என்று சிரித்தான். நானும் ஜம்மென்று முன்சீட்டில் உட்கார்ந்தேன். நீ ஜன்னல் ஓரம், எனக்குப் பக்கத்தில். வேன் கிளம்பியது. திருப்பதிப் பக்கம் திரும்பும் என்று பார்த்தால், எதிர்ப்பக்கம் நாராயணவனத்துக்குத் திரும்பியது. அங்கே நாலு பிள்ளைகள். அப்புறம் ஏதோ ஒரு மாந்தோப்பு வழியாகப் போய் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி ரிப்பனைத் தேடினாள், வேன் நின்றது. ஒருவன் அழுதான், அவன் தாத்தா ஒரு பிஸ்கட் வாங்கிவர வேன் நின்றது. வெயில் ஏறிவிட்டது. என் இடுப்பு கழன்றுவிட்டது. திருப்பதி வந்தேவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "நைனா, இந்தப் பக்கம் வா. இப்பப் பாரு, அம்மா தண்ணி புடிச்சுக்கினு இருக்கும்" என்றாய்.

வேன் நம் தெரு முனையைத் தாண்டியது. கொழாயடியில் உன் அம்மா குனிந்து குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். வேன் சத்தத்துக்கு அவள் நிமிரவில்லை. நீ கையை அசைத்தாய். அவள் பார்க்க மாட்டாள் என்று தெரிந்தே அசைத்தாய். தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவன் மாதிரி, அவசரமில்லாமல் அசைத்தாய். மணியைப் பார்த்தேன். நம் வீட்டிலிருந்து கிளம்பி ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. நாம் இன்னும் நம் வீட்டு வாசலில்தான் இருந்தோம்.

"இது தினமும் இப்டித்தான் போவுதாடா?"

"ஆமா."

"ஏண்டா சொல்லல?"

"நீதான நைனா மொதல் ஸ்டாப் வேணும்னு சொன்ன."

புத்தூர் மார்க்கெட் அருகே பெரிய வகுப்புப் பையன்கள் ஆறேழு பேர் ஏறினார்கள். நீ யாரும் சொல்லாமலே எழுந்து நின்றாய். ராஜாவின் சீட்டில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் உட்கார்ந்தான். அதுதான் அந்த வேனின் சட்டம். வடமாலப்பேட்டை தாண்டும்போது கம்பியைப் பிடித்தபடி நீ தூங்கியிருந்தாய். திருச்சானூர் வளைவில் உன் தலை கம்பியில் இடித்தது, நீ விழிக்கவில்லை. நான் உன்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதுவரை தினமும் யார் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கு அப்புறம் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? வேனை நிறுத்தியிருப்பேன் என்றுதானே? இல்லை. முனிசாமியிடம் சொல்லிக் கடைசி ஸ்டாப்பாக மாற்றினேன். உனக்கு ஐம்பது நிமிஷம் கூடுதல் தூக்கம் கிடைத்தது. பதிலாக, உட்கார இடமே இல்லாமல் புத்தூரிலிருந்தே நின்றாய். அதுதான் நான் செய்த மாபெரும் சீர்திருத்தம். நின்றபடி தூங்க நீ முழுசாகப் பழகியது அதற்கப்புறம்தான். அதை அப்படியே எடுத்துக் கதையில் குதிரையாகச் சேர்த்துக்கொண்டேன். ஏன் நிறுத்தவில்லை? டீக்கடையில் அந்த நீட்டிய கால். "இன்னாபா, திருப்பதி இங்கிலீஷு முடிஞ்சுதா?" என்று அவன் கேட்டுவிடுவானே. ஒரு மனிதனின் காலுக்குப் பயந்து உன்னைப் பத்து வருஷம் நிற்க வைத்தேன். அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் அவ்வளவு சிரிப்பு மூட்டினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ சொல்வாய், அதனால்தானே நான் இன்றைக்குப் பெங்களூரில் இருக்கிறேன் என்று. இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் நம் தெரு தெலுங்கு மீடியத்தில் படித்த சேகர் உன் ஆபீஸில் உனக்கு மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று நீயே போன தீபாவளிக்கு வயிறெரிந்தாய். அவன் ஒன்பது மணிக்கு எழுந்து, பல்லை விளக்கியும் விளக்காமலும் மணியடிக்கிற சத்தம் கேட்டு ஓடியவன். அந்தப் பள்ளி உனக்கு நல்லது செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எதனால் எது ஆனது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே 'எனக்கு இன்னா ஆயிப்போச்சு' என்பதை மட்டும் இனி சுமதியிடம் சொல்லாதே. உனக்கு ஆனது. உனக்கு ஞாபகமில்லை, அவ்வளவுதான். என் கதையைக் கேட்டுவிட்டு வேன் ஏற்றிய வீடுகள் நம் சொந்தத்தில் நாலைந்து இருக்கின்றன. குரூப்பில் போடுவது அவர்களுக்காக.

இன்று காலை சுமதிக்கு நானே போன் செய்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், ஊசி, கொழாயடி, கம்பி. முடித்ததும் கேட்டாள்: "மாமா, இது நெஜமா, இல்ல கல்யாணத்துல சொல்றமாதிரியா?"

"நெஜம்மா."

"நாளைக்கு அவரு போன் பண்ணி 'இன்னா நைனா, இப்டி மாத்திப் பேசற'ன்னு கேட்டா, நீங்க சிரிச்சுக்கினே 'சும்மா சொன்னேண்டா, நம்ம சிங்கக்குட்டிக்கு இன்னா'ன்னு சொல்லிட மாட்டீங்களே?"

ஒரு மருமகள் அறுபத்தேழு வயது மாமனாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஏனென்றால் சொல்லிவிடுவேன். நீ ஒரு தடவை சிரித்தால் போதும், நானும் சிரித்து, கூட ஒரு யானையையும் சேர்த்து, அவளைத் தனியாக விட்டுவிடுவேன்.

"எழுதிக் குடுத்துடறேம்மா" என்றேன்.

எழுதிவிட்டேன். சேர்த்துடு என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பாப்பாவை அந்த வேனில் ஏற்றாதே.

உன் நைனா